முழங்கால் மடங்கும்வரை கதைத்தோம்

தம்பி,

நேற்று போனில் நீ கேட்டாய், "அம்மா, உங்களுக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்யேக்கை பெரிசா ஒண்டும் நோகேல்லைத்தானே?" என்று. நானும் வழக்கம்போல, "சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு கனநேரம் கதிரையிலேயே இருந்தேன். நீ பனியில் வழுக்கி விழுந்து முழங்கால் சவ்வு கிழிந்து, அங்கேயுள்ள டொக்டர்மார் ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டும் என்று சொல்லியும், ஒவ்வொரு தரமும் ஏதோவொரு சாட்டுச் சொல்லி நாளைத் தள்ளிப்போடுகிறாய். பயம் என்று நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்ன வயதில் தடுப்பூசி போடும் நாளிலெல்லாம் உனக்குத் திடீரென்று வயிற்றுக்குத்து வரும். அந்தக் குரல்தான் நேற்றும் கேட்டது. உனக்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் திரும்பவும் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்லும். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நொந்தது, தம்பி. நன்றாகவே நொந்தது. நீ லீவு எடுத்து வந்து என்னோடு நின்றபோது பார்த்தது அதில் பாதிகூட இல்லை. ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணியிருந்தார்கள். பிறகு நேரத்துக்கு மருந்து வந்தது. மறுநாளே வோக்கரைப் பிடித்து எழும்பி நிற்கவைத்தார்கள். நீ உடனே போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாய். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெஸீமா அன்ரியை உனக்கு நினைவிருக்கும். எனக்குச் செய்த அதே நாள் அவவுக்கும் முழங்கால் மாற்றுகிற அதே ஒப்பரேஷன். அவவின் மகள் கொண்டுவந்த வட்டிலப்பத்தை நீதான் முழுக்கச் சாப்பிட்டாய். "பிள்ளை நல்லாச் சாப்பிடட்டும், நாங்கள் ரெண்டு பேரும் காலைப் பாத்துக்கொண்டிருப்பம்" என்று அவ சிரித்தா. எனக்கு நல்ல நினைவு அதோடு முடிகிறது. நீ பிளேனுக்காகக் கொழும்புக்கு வாடகை வானில் ஏறிய அன்று படலையடியில் நின்று கை காட்டினேன் அல்லவா? வான் திரும்பி மறைந்ததும் வோக்கரைப் பிடித்தபடி அங்கேயே நின்று அழுதேன். அது உன் பிரிவுக்கு மட்டும் வந்த அழுகை இல்லை. காலையிலிருந்து நான் நோவுக்குத் தந்த குளிசை போடவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்பாய். எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க நான் மருத்துவிச்சி. இந்தக் கொக்குவில் ஒழுங்கைகளில் எத்தனை வீட்டுக்குச் சைக்கிளில் போய் எத்தனை பிள்ளைப்பேறு பார்த்திருப்பேன்! "கத்தாதை பிள்ளை, மூச்சை இழுத்து விடு, இந்த நோவெல்லாம் போற நோ" என்று எத்தனை பெண்களின் முதுகைத் தடவியிருப்பேன். நோ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்ற எண்ணம். அடுத்தவளின் நோவுக்குப் பக்கத்தில் நின்றதை, நானே நொந்ததாக நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. குளிசை வயிற்றைப் புண்ணாக்கும், பழகிப்போனால் விடமுடியாது, அந்தக் காலத்தில் யார் குளிசை போட்டார்கள் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உன் நீர்வேலிச் சின்னம்மா எனக்குச் சமைத்துப் போட வந்து நின்றாள். அவளுக்கு அக்கா நோகக்கூடாது. முழங்காலுக்குக் கீழே தலையணையை மடித்து வைத்துவிடுவாள். கால் சற்று மடிந்தபடி தலையணையில் கிடக்க, அப்படி ஒரு சுகம். நாள் முழுக்க அப்படியே கிடந்தேன். பயிற்சி செய்ய வேண்டிய நேரத்தில், "நாளைக்குச் செய்வம்" என்பேன். அவளும், "ஓம் அக்கா, இண்டைக்கு நல்லாக் களைச்சுப் போனியள்" என்று கதலி வாழைப்பழத்தை உரித்துத் தருவாள். நீ இரவில் போன் எடுத்தால், "நல்லா நடக்கிறன் தம்பி." நடந்தது கட்டிலிலிருந்து குளியலறைக்கு.

கிளினிக்குக்குப் போனபோது பெரிய டொக்டர் காலைப் பிடித்து நீட்டிப் பார்த்தார், நீளவில்லை. மடக்கிப் பார்த்தார், கொஞ்சத்துக்கு மேல் மடங்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னை ஏசவில்லை. "அடுத்த முறை வரேக்கையும் இப்பிடியே இருந்தா, திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய் மயக்கிப்போட்டுத்தான் மடக்கவேண்டி வரும், அம்மா" என்றார். அங்கே பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி மிஸ், உன்னைவிட இளையவள், தலையணைக் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள். "முழங்காலுக்குக் கீழை வைக்கவே கூடாது அம்மா. குதிக்காலுக்குக் கீழை வையுங்கோ. நோகும். ஆனா அப்பதான் நீளும்." குளிசையைப் பற்றியும் விளக்கினாள். நோ உச்சிக்கு ஏறிய பிறகு போட்டால் அது வேலை செய்யும் முன்னம் மனம் உடைந்துவிடுமாம். டொக்டர் எழுதித் தந்த அளவில் நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, பயிற்சிக்குச் சற்று முன்னதாக ஒன்று போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "நோகாமல் கிடக்கிறதுக்கில்லை அம்மா குளிசை. எழும்பி மடக்கிறதுக்குத்தான்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் எத்தனையோ பேருக்கு இரும்புச்சத்துக் குளிசையைப் போடாமல் விட்டதற்காக ஏசியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் ஜெஸீமா போன் எடுத்தா. "எப்பிடி மிஸ்ஸி, மடங்குதோ?" என்றா. ஆஸ்பத்திரியில் நான் மருத்துவிச்சி என்று அறிந்த நேரத்திலிருந்து அவவுக்கு நான் மிஸ்ஸிதான்.

"மடங்குது, மடங்குது."

"பொய் சொல்லாதேங்கோ. குரலிலை தெரியுது. மகனுக்குப் பொய் சொல்லுங்கோ, அவர் தூரத்திலை இருக்கிறார், பாவம். எனக்கு ஏன் சொல்லுறியள்? எனக்கும் இதே கால்தானே!"

நான் வாய்விட்டு அழத் தொடங்கினேன், தம்பி. சின்னம்மா பயந்து குசினியிலிருந்து ஓடிவந்தாள். ஜெஸீமா போனை வைக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. நான் அழுது முடிய, "சரி, இப்ப குளிசையைப் போடுங்கோ. நானும் போடுறன். கொஞ்ச நேரத்தாலை திரும்ப எடுக்கிறன், ரெண்டு பேரும் சேர்ந்து மடக்குவம். நோகேக்கை கத்துங்கோ. இஞ்சை ஆரும் கேக்கமாட்டினம்" என்றா. கத்தாதை பிள்ளை என்று ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு, கத்துங்கோ என்று ஒருத்தி சொல்லவேண்டியிருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைப்போம். பாதத்தில் துவாயைச் சுற்றி இரண்டு நுனியையும் கையில் பிடித்து, குதிக்காலை மெதுவாக நம்மை நோக்கி இழுப்போம். முழங்கால் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி ஒரு இடத்தில் நிற்கும். அதற்கு மேலே ஒரு விரல் அகலம் இழுக்கவேண்டும். அந்த ஒரு விரல் அகலத்தில்தான் எல்லா நோவும் இருந்தது. முதல் நாட்களில் அவ எண்ணுவா, நான் எண்ணுவேன். எண்ணிக்கை நோவைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ஒருநாள் அவ சொன்னா, "எண்ண வேண்டாம் மிஸ்ஸி. கதையிலையே என்னை உங்கடை வீட்டிலையிருந்து சைக்கிளிலை ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பழைய ரவுணுக்கு. நான் பின் கரியரிலை ஏறுறன், நீங்கள் உழக்குங்கோ."

நான் கண்ணை மூடிக்கொண்டு உழக்கினேன். கொக்குவில் ஸ்டேஷனடியில் தொடங்கி, கேட் பூட்டியிருந்தால் காத்து நின்று, யாழ்தேவி போன பிறகு தண்டவாளத்தைத் தடக்குத்தடக்கென்று கடந்து, கே.கே.எஸ். வீதியில் ஏறினோம். மதிலுக்கு மேலால் செவ்வரத்தை எட்டிப் பார்க்கும் வீடுகள். வெயில் ஏறமுன்னம் வெள்ளை யூனிபோமில் சைக்கிள் சைக்கிளாகப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தட்டாதெருச் சந்தியில் திரும்பினால் எந்தப் பேக்கரியில் றோஸ்பாண் மணக்கும், எந்தக் கடையில் சர்பத்துக்குள் கசகசா கூடப் போடுவான், எந்தத் தியேட்டரில் பெண்களுக்குத் தனி வரிசை, எல்லாம் அவவுக்கும் தெரியும். நான் விட்ட கடையை அவ பிடிப்பா. "அந்தப் புடவைக்கடைக்காரர் அளக்கேக்கை ஒரு விரல் குறைப்பார், கவனம்" என்பா. நான் சிரிப்பேன். சிரிக்கும்போது துவாயை இழுப்பேன். நோகும். "ஐயோ!" என்று கத்துவேன். "இப்ப எங்கை நிக்கிறம் மிஸ்ஸி?" என்று கேட்பா. "ஆஸ்பத்திரி வீதியிலை" என்பேன். "அப்ப இன்னும் கொஞ்சம் உழக்குங்கோ."

அந்தப் பயணங்களில் நீயும் வந்தாய். சண்டையால் பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் முன் பாரில் சின்ன இருக்கை பூட்டி உன்னை ஏற்றிக்கொண்டு போவேன். உன் கால்கள் ஆடி ஆடி என் முழங்காலில்தான் இடிக்கும். ஒவ்வொரு உழக்குக்கும் ஒரு இடி. "காலை ஆட்டாமல் இரு தம்பி" என்றால் கொஞ்ச நேரம் இருப்பாய், பிறகு திரும்ப ஆட்டுவாய். ஊர் முழுக்கத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த அன்று, மழைச் சேற்றில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். அரிசிப் பையும் பாயும் கரியரில், நீ பாரில். அப்பா ட்ரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னே நடந்தார். நீ நித்திரையாகி என் கையில் சாய்ந்துவிட்டாய். அன்றைக்கு என் முழங்கால் நொந்ததா? நொந்திருக்க வேண்டும். எனக்கு நினைவிருப்பது உன் தலைமயிரில் மழைநீர் மணந்ததும், அப்பா நின்று நின்று திரும்பிப் பார்த்ததும்தான். அவர் இருந்திருந்தால் இந்தக் காலைப் பிடித்து மடக்கிவிட்டிருப்பார் என்று ஜெஸீமாவிடம் சொன்னேன். "என்ரை மனுசன் எண்டால் என்னோடை சேர்ந்து கத்தியிருப்பார்" என்றா. அவவும் கணவனை இழந்தவதான்.

ஒன்றை நான் கவனித்தேன். எந்த வழியால் போனாலும் ஐந்துசந்தி வரமுன்னம் அவ திரும்பச் சொல்லுவா. "இதாலை வேண்டாம் மிஸ்ஸி, பெரியகடைப் பக்கம் விடுங்கோ." அவவின் பழைய வீடு அங்கேதான். நான் கேட்கவில்லை. ஒருநாள் இருவருக்கும் கால் மிகவும் வீங்கியிருந்தது. முழங்காலில் ஐஸை வைத்துக்கொண்டு, துவாயைப் பாதத்தில் சும்மா சுற்றிப் பிடித்தபடி கதைத்தோம். அன்றைக்கு அவவாகவே, "நேரை விடுங்கோ" என்றா.

ஐந்துசந்தி தாண்டி, பள்ளிவாசல் தாண்டி, ஒழுங்கைக்குள் மூன்றாவது வீடு. வாசலுக்குப் பக்கத்து அறையில் மிதிமெசின். அவ தையற்காரி. முஸ்லிம்களெல்லாம் உடனே ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டும் என்று இயக்கக்காரர் துவக்கோடு நின்று அறிவித்த அன்று, கொண்டுபோக விட்டது கொஞ்சக் காசும் உடுத்த உடுப்பும்தான். மெசினில் ஒரு கலியாணச் சட்டை இருந்ததாம். கோயிலடிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒன்று கூறைச்சேலைக்குத் தைக்கக் கொடுத்தது. சட்டைக்கு ஒரு கைதான் பூட்டியிருந்தது.

"மற்றக் கையையும் பூட்டிப்போட்டு வாறன் எண்டு இருந்தனான் மிஸ்ஸி. மனுசன் கையைப் பிடிச்சு இழுத்தார். நான் சட்டையை மடிச்சு, ஊசி குத்தாமல் மெசினுக்கு மேலை வைச்சன். கதவைப் பூட்டினன். பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நடந்தம். அண்டைக்குத் தொடங்கினதுதான் இந்த முழங்கால்." பிறகு கேட்டா, "அந்தப் பிள்ளை கலியாணத்துக்கு என்னத்தைப் போட்டிருக்கும், மிஸ்ஸி?"

புத்தளத்தில் அகதியாக இருந்து, ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்து, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது அந்த வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. அதையெல்லாம் அவ சாதாரணமாகச் சொன்னா. அந்தச் சட்டையைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. அன்று அவர்கள் போனபோது நாங்கள் இங்கே கொக்குவிலில் இருந்தோம். பின்னேரம்தான் கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அவ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி மிஸ்ஸி, கால் எப்பிடி?" என்றா. குனிந்து பார்த்தேன். துவாயை நான் எப்போது இழுத்தேன் என்றே தெரியவில்லை. குதிக்கால் அதுவரை வராத இடத்துக்கு வந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் இலகுவாகப் போனது என்று நினைக்காதே. ஒருநாள் நன்றாக மடங்கும், அடுத்த நாள் மரக்கட்டையாகக் கிடக்கும். பின்னேரமானால் வீங்கும். தொட்டால் சுடும். ஒரு காரணமுமில்லாமல் மனம் விழுந்துபோய், இந்தக் காலை ஏன் வெட்டக் கொடுத்தேன் என்று இருக்கும். குளிசையால் மலச்சிக்கல் வந்து, சின்னம்மா பப்பாசிப்பழத்தோடு என்னைத் துரத்திய கதையைக் கடிதத்தில் எழுதமுடியாது. பிசியோதெரபி மிஸ் சொன்னபடி என் சைக்கிளை வளவுக்குள் மாமரத்தோடு ஸ்டாண்டில் நிறுத்தி, சீற்றை உயர்த்தி, சின்னம்மா கரியரைப் பிடிக்க, ஏறி இருந்து பெடலை முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்கினேன். மேலே வரும்போது முழங்கால் தடுக்கும், பின்னுக்கு விடுவேன். பல நாள் அப்படியே போயிற்று. ஒரு விடியற்காலை, தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறியிருந்து, சின்னம்மாவோடு அன்றைய கறிக்கு என்ன காய் என்று கதைத்துக்கொண்டே பின்னுக்கு உழக்கினேன். பெடல் மேலே வந்தது, நிற்கவில்லை, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஒரு முழுச் சுற்று. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "அக்கா, திரும்பச் செய்யுங்கோ" என்றாள். திரும்பவும் சுற்றியது. அவள் கரியரை விட்டுவிட்டுக் கை தட்ட, சைக்கிள் ஆட்டங்கொடுக்க, "பிடியடி!" என்று நான் கத்த, அடுத்த வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்தார்.

ஒப்பரேஷன் தியேட்டருக்குத் திரும்பவும் போகவேண்டியிருக்கவில்லை. ஆனால் எல்லாம் திரும்பிவிடவில்லை, தம்பி. நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இனி நான் இருக்கமுடியாது. திருவெம்பாவைக்குப் பெண்களெல்லாம் கோயிலில் நிலத்திலிருந்து பாட, நான் ஓரத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். நோன்புக் காலத்தில் பஸ் ஏறி ஜெஸீமா வீட்டுக்குக் கஞ்சிக்குப் போனபோது, அவவும் கதிரையில் இருந்துதான் தொழுதா. முடித்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னா, "நெத்தி நிலத்திலை படாட்டித் தொழுத மாதிரி இல்லை மிஸ்ஸி. முதல் நாள் அழுதிட்டன். பிறகு யோசிச்சன், அவன் குடுத்த முழங்கால்தானே, அது என்ன நிலைமையிலை இருக்கெண்டு அவனுக்குத் தெரியாதே?" பிறகு என் கையில் கஞ்சிக் கோப்பையைத் தந்துவிட்டு மெசினடிக்குப் போய்க் குந்தாமல் நிமிர்ந்து இருந்து, பேத்தியின் பெருநாள் சட்டையைத் தைத்தா. மிதி ஏறி இறங்க, அவவின் புது முழங்காலும் அதோடு அசைந்தது. நான் கஞ்சி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குச் செய்யப்போவது வேறு விதமான ஒப்பரேஷன். எவ்வளவு மடக்கலாம், எப்போது ஊன்றலாம் என்பதை உன் டொக்டர்மார்தான் சொல்லவேண்டும். அம்மா சொன்னா என்று ஒன்றும் செய்துவிடாதே. ஆனால் தள்ளிப்போடாதே. தள்ளிப்போடும் காலத்தில் மற்றக் காலும் சேர்ந்து கெடும். தந்த குளிசையை நேரத்துக்குப் போடு, அது கோழைத்தனம் இல்லை. கட்டிலில் கிடக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டு, இரத்தம் கட்டக்கூடாது. கெண்டைக்கால் வீங்கி இறுகி நொந்தாலோ, காய்ச்சலடித்தாலோ, காயத்தில் ஊனம், சீழ் வடிந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போ. மனைவிக்கு உண்மையைச் சொல். "நான் பாத்துக்கொள்ளுறன்" என்று உன் அப்பா மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அவள் உன் நோவைக் குறைக்க முடியாமல் தவிப்பாள்; தவிக்கட்டும், பக்கத்தில் இருக்க விடு.

இன்னொன்று. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உன்னை எழுப்பி நடக்கவைப்பார்கள். அப்போது எனக்குப் போன் எடு. எல்லாம் முடிந்து, முகம் கழுவி, குரலைச் சரிசெய்துகொண்டு எடுக்காதே. நொந்துகொண்டிருக்கும்போதே எடு. ஒன்றும் கதைக்க வேண்டாம். கத்த வேண்டுமென்றால் கத்து. நான் "கத்தாதை பிள்ளை" என்று சொல்லமாட்டேன். இங்கே என்ன நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நட. எங்கே போகவேண்டும் என்று மட்டும் சொல். நான் கூட்டிக்கொண்டு போறன்.

அம்மா